டாக்டர் கராஜா எழுதாத கட்டுரை

ஐம்பத்தெட்டு ரெஃபரன்ஸ்களில் ஐம்பத்தேழு பச்சையாகிவிட்டன, முப்பத்தேழாவது மட்டும் சிவப்பாகவே நின்றது. அமலோற்பவம் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் தாங்கள் படித்த பழைய கட்டுரைகளின் பட்டியலைக் கடைசியில் கொடுப்பார்கள், கணினி அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக் கிடைத்தால் பச்சை, கிடைக்காவிட்டால் சிவப்பு என்று நிறம் பூசும், அவ்வளவுதான். சிவப்பென்றால் ஒரு எழுத்து பிசகியிருக்கும், வருஷம் மாறியிருக்கும், இல்லை யாருக்கும் தெரியாத ஏதோ சின்னப் பத்திரிகையாக இருக்கும். 'ஆசிரியர் சரிபார்க்கவும்' என்று ஓரத்தில் ஒரு க்வெரி போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான் நகர்ந்துகொண்டிருக்கிறாள், புதுச்சேரியில் இந்த மூன்றாவது மாடியில், எங்கெங்கோ டாக்டர்கள் எழுதி ஐரோப்பாவில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புகிற கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்தி, காற்புள்ளி போட்டு, அட்டவணையை நேராக்கிக்கொண்டு. அவளுக்கு ஒதுக்கியிருப்பது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வைத்தியம். மணி பத்தே கால், பன்னிரண்டரைக்குள் ஃபைல் போக வேண்டும், போய்விடும், ஏனென்றால் இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. எட்டு மாதமாக வருகிற ஃபைல்கள் எல்லாம் இப்படித்தான். வாக்கியங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, எண்ணெய் தடவின மாதிரி, எங்கேயும் கை தடுக்காமல் போகின்றன. எல்லாம் இயந்திரம் எழுதித் தருவது என்று பக்கத்து சீட் ஷாஹிதா சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, கோயிலில் தேர் நகர்வதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டவுடன் நாற்பது பக்கம். முன்பெல்லாம் ஒரு டாக்டருக்கு இரண்டு வருஷம் பிடிக்கும் நாற்பது பக்கம். அதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது, எழுவாயும் பயனிலையும் சண்டை போடுவது கிடையாது. பெரிய அணையில் மதகு திறந்தால் பாலத்தில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு நாள் காலையும் அவள் ஃபைலைத் திறந்து இரண்டு நிமிஷம் சும்மா படிப்பாள். இன்றைக்கும் அப்படிப் படித்துவிட்டுத்தான் பட்டியலுக்கு வந்தாள். வந்து, சிவப்பாக இருந்த வரியில் பெயரைச் சரிபார்க்கக் கர்சரை வைத்தபோது கராஜா என்று இருந்தது. கராஜா, என். கூட வேறு நான்கு பேர். 2021.

நெஜாத் கராஜா. அவள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாளோ என்னவோ, ஷாஹிதா ஒரு காதிலிருந்து ஹெட்போனை எடுத்து "என்னக்கா?" என்றாள், "ஒண்ணுமில்ல" என்றாள் இவள். நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, ஆனால் அந்த மனுஷனின் வாக்கியங்களை அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. துருக்கியில் கிழக்கே, மலைமேல் ஒரு ஊர், வருஷத்தில் ஐந்து மாதம் பனி, அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. 2006இல் முதல் கட்டுரை வந்தபோது ஆங்கிலமா அது என்று எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேர் தட்டிக்கழித்து அது அவளிடம் வந்து சேர்ந்தது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'தி'யும் 'எ'யும் எங்குமே இல்லை, வினை எல்லாம் வாக்கியத்தின் வாலில் போய் உட்கார்ந்திருந்தது. படிக்கப் படிக்க அவளுக்கு ஒரு விநோதம் புரிந்தது. இதை அப்படியே தமிழில் நினைத்தால் சரியாக இருக்கிறது. குழந்தை மூச்சை நிறுத்தியது, தாய் குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள், குழந்தை மூச்சை எடுத்தது. அந்த வரிசையில்தான் அவர் எழுதியிருந்தார். துருக்கி மொழியிலும் நம்மைப் போல வினை கடைசியில்தான் வருமாம், பிறகு தேடித் தெரிந்துகொண்டாள். மலைக்கிராமங்களில் மாதம் முந்திப் பிறக்கிற குழந்தைகளைப் பனியில் லாரியிலும் டிராக்டரிலும் ஏற்றிக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், வழியில் அதுகள் மூச்சுவிட மறந்துபோகும், அவ்வளவு சின்ன உடம்புக்கு மூச்சுவிடுவது கூட ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய காரியம். அதைப் பற்றித்தான் அவர் எழுதினார், பத்து வருஷத்தில் நான்கு கட்டுரை. நான்கையும் அவள்தான் திருத்தினாள். ப்ரூஃப் திருப்பி அனுப்பும்போது கடைசிப் பக்கத்தில், அச்சுக்குப் போகாத இடத்தில், 'இந்தியாவில் என் வாக்கியத்தைக் கழுவுகிறவருக்கு நன்றி' என்று எழுதியிருப்பார். கழுவுகிறவர். திருத்துகிறவர் என்ற சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது. 2016 மார்ச்சில் அதே பத்திரிகையில் ஒரு பக்க இரங்கல் குறிப்பு வந்தது, காலையில் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று. எழுதியது கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ். அதையும் இவள்தான் திருத்தினாள், படத்தில் கண்ணாடியும் அடர்ந்த மீசையுமாக ஒருவர் இருந்தார், அன்றுதான் அவர் முகம் தெரிந்தது.

அப்படியானால் 2021 எப்படி. ஒரு கணம், உண்மையாகவே ஒரு கணம், அவர் சாகவில்லை என்று அவள் நம்பினாள், இரங்கல் குறிப்பு வேறு யாருக்கோ என்று. கட்டுரையின் தலைப்பு, உயரமான மலைப்பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நிறுத்தம், இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் தொடர் கவனிப்பு. அவர்தான் இப்படித் தலைப்பு வைப்பார். பத்திரிகையின் பெயர், தொகுதி, பக்கம் 411 முதல் 419 வரை, எல்லாம் இருந்தது. அந்தத் தொகுதி இந்த மாடியில்தான் தயாரானது, பழைய கோப்புகள் சர்வரில் இருக்கின்றன, எடுத்துப் பார்த்தாள். 411ஆம் பக்கத்தில் மஞ்சள் காமாலைக் குழந்தைகளுக்கு நீல வெளிச்சம் காட்டுவது பற்றி வேறு யாரோ எழுதிய கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது, 419இலும் அதேதான். கராஜா அந்தத் தொகுதியிலேயே இல்லை. ஆக இது இல்லாத கட்டுரை. இயந்திரம் தானாக உண்டாக்கிய கட்டுரை. இந்த ஃபைலை அனுப்பிய மூன்று பேர், யாரோ எங்கேயோ, கேட்டிருக்கிறார்கள், அது எழுதித் தந்திருக்கிறது, எழுதும்போது ஓர் ஆதாரம் வேண்டுமென்று இறந்துபோன ஒருவரை எழுப்பி மேஜையில் உட்கார வைத்திருக்கிறது. அவள் ஃபைலில் மேலே போய், கட்டுரைக்குள் முப்பத்தேழு என்ற எண் எங்கே வருகிறது என்று தேடினாள். பதினான்காம் பக்கம். அந்தக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஏழு வயதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள் என்று கராஜா குழுவினர் கண்டார்கள். அவள் அந்த வரியைப் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஏனென்றால் அவருடைய நான்காவது கட்டுரை எப்படி முடிந்தது என்று அவளுக்கு மனப்பாடம். இந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும்போது நாங்கள் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஆசைப்படுகிறோம் என்பது ஆய்வுக் கட்டுரைக்கு ஒத்துவராத சொல், திட்டமிட்டுள்ளோம் என்று மாற்றச் சொல்லும் விதி, அன்று அவள் விதியை மீறி அதை அப்படியே விட்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை, இரண்டு வருஷத்தில் போய்விட்டார். இப்போது இது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது, தொண்ணூற்றொரு பேர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று. என்ன மாதிரியான ஒன்று இது. அவர் விட்டுப்போன ஆசை எந்த வாக்கியத்தின் வாலில் இருந்தது என்று கண்டுபிடித்து அதை நிறைவேற்றி, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கொடுத்திருக்கிறது. பனியில் நனைந்த கம்பளிக்குள் சுருண்டு வந்த அதுகளெல்லாம் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக ஒரு மலைப்பாதையில் நடந்து போவது அவளுக்குத் தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம். ஒரு க்வெரி போடுவோம், அவர்கள் சரிபார்த்தாகிவிட்டது என்பார்கள், கராஜாவின் பெயரில் ஐந்தாவதாக ஒரு கட்டுரை உலகத்தில் இருந்துவிட்டுப் போகும், யாராவது அதை எடுத்து இன்னொன்றில் சேர்ப்பார்கள், அதிலிருந்து இன்னொருவர், நாலு வருஷத்தில் அந்தக் குழந்தைகள் படித்துவிட்டார்கள் என்பதே உண்மையாகிவிடும்.

அடுத்த வரியில்தான் கண் நின்றது. எனவே நாற்பது நிமிடங்களுக்குக் குறைவான பயணங்களில் தொடர்ந்து மூச்சைக் கண்காணிப்பது அவசியமில்லை. எனவே. அழகாக, மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து விழுந்த எனவே, தடுக்கவே இல்லை, இரண்டு தடவை அவளே தாண்டிப் போயிருக்கிறாள். நாற்பது நிமிடம். வில்லியனூரில் அந்தச் சின்ன நர்ஸிங் ஹோமிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபத்தைந்து நிமிடம், 2004, ஆகஸ்ட், மத்தியானம், ஆம்னி வேன். ஏழாம் மாதம். பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக் கொடுத்தார்கள், ஒரு சாத்துக்குடி அளவு தலை, தூங்குகிறது என்றுதான் நினைத்தாள். கணவன் சவரிராயன் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் இடது பக்கம் போ, இடது பக்கம் போ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் அவளிடம் சொல்லவில்லை, பாதத்தைச் சுண்டு என்று. சொல்லத் தெரியாமல் இருந்திருக்கும், அந்த நர்ஸுக்குப் பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது சவரிராயன் குனிந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து நெற்றியில் ஊற்றி, அவசர ஞானஸ்நானமாக, ஆக்னஸ் என்று பெயர் வைத்தான். ஆறு வாரம் கழித்து இதே மாடிக்குத் திரும்ப வேலைக்கு வந்தாள். அன்று கூட இருந்தவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை, இங்கே இருப்பவர்கள் எவருக்கும் தெரியாது, மகன் லூர்துவுக்கே தெரியாது, அவன் பிறகு பிறந்தவன். இரண்டு வருஷம் கழித்து கராஜாவின் கட்டுரை வந்தது, தாய் குழந்தையின் பாதத்தைச் சுண்டினாள், குழந்தை மூச்சை எடுத்தது. அன்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் கட்டைவிரலால் நடுவிரலை மடக்கிச் சுண்டிப் பார்த்தாள். இவ்வளவுதானா. இவ்வளவேதானா. அவள் அழவில்லை, ஆச்சரியமாக இருந்தது, ஒரு சுண்டில் உயிர் திரும்பி வரும் என்றால் உயிர் எவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும் என்று.

அவள் அந்தப் பதினான்காம் பக்கத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்தாள். வன்மத்தோடு படிக்க நினைத்தாள், முடியவில்லை, அது அத்தனை நன்றாக இருந்தது. 'எனினும்' என்ற சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்காமல் முதல் சொற்றொடர் முடிந்தபின் இரண்டு பக்கமும் காற்புள்ளியோடு உள்ளே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது. அது அவள் செய்வது. சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்த அம்மாள் சொல்லிக்கொடுத்தது, 'எனினும்'ஐ வாசலில் நிற்க வைக்காதே, உள்ளே கூப்பிட்டு உட்கார வை. எத்தனை ஆயிரம் தடவை அதைத் தூக்கி உள்ளே வைத்திருக்கிறாள், கொரியாக்காரருக்கு, பிரேசில்காரருக்கு, கராஜாவுக்கு. இந்த மாடியில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள், இந்த மாதிரி மாடிகள் சென்னையில் எத்தனை, இங்கே எத்தனை, எத்தனை பெண்கள், டிபன் பாக்ஸை மேஜைக்கடியில் வைத்துவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை உலகத்தின் கோணல் வாக்கியங்களை நிமிர்த்திக்கொண்டு. அதையெல்லாம் இது படித்திருக்கிறது. எல்லாவற்றையும், ஒன்று விடாமல், அவள் பிறகு மறந்துபோனவற்றையும். இயந்திரத்தின் ஆங்கிலம் என்று ஷாஹிதா சொன்னாளே, இது எங்கள் ஆங்கிலம் அல்லவா. யாருடைய பெயரும் போடாத, ஓரத்தில் கூட நன்றி சொல்லப்படாத அந்தக் காற்புள்ளிகள் எல்லாம் ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்து இப்போது ஆற்று வெள்ளமாகத் திரும்பி வருகின்றன. அவளுக்குப் பயமாக இருந்தது, அதற்குள் ஒரு சின்னப் பெருமையும். பெருமை வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. இத்தனை நேர்த்தியாக நான் கற்றுக்கொடுத்த கையால் அது எழுதுகிறது, கண்காணிப்பது அவசியமில்லை என்று. நேர்த்தியாக இருப்பதால் டாக்டர்கள் நம்புவார்கள். கோணலாக எழுதிய கராஜாவை நம்ப வைக்க நான் நேர்த்தியாக்கினேன். அதே நேர்த்திதான். மணி பதினொன்றே முக்கால். அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டீம் லீடர் இளங்கீரன் அவளைவிடப் பதினாறு வயது சின்னவன், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து யாருக்கோ பதில் அடித்துக்கொண்டிருந்தான். "கீரன், அந்தப் பன்னெண்டரை ஃபைலை நிறுத்தணும்" என்றாள். அவன் நிமிராமல், "ஏங்க்கா, டேபிள்ல பிரச்சினையா?" என்றான். "முப்பத்தேழாவது ரெஃபரன்ஸ் கிடையாது. அந்த டாக்டர் 2016லயே இறந்துட்டார், இதுல 2021ன்னு இருக்கு." "இறந்தப்புறமும் வருமேக்கா, கூட எழுதினவங்க போட்டிருப்பாங்க." "அது நம்ம பத்திரிகை. அந்தத் தொகுதியை எடுத்துப் பாத்துட்டேன். அந்தப் பக்கத்துல வேற ஆளு வேற கட்டுரை." அவன் இப்போது நிமிர்ந்தான். "அப்போ க்வெரி போட்டுடுங்க. ஆத்தர் பாத்துக்கட்டும்." "சரிபார்த்தாச்சு, சரியாத்தான் இருக்குன்னு ஒரு வரி எழுதுவாங்க, நாமளும் ஏத்திடுவோம். போன மாசம் அப்படி எத்தனை போச்சு, உங்களுக்கே தெரியும்." அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அக்கா, நான் உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. கன்டென்ட் நம்ம வேலை கிடையாது. காப்பி எடிட்டர் எதுக்கு மருத்துவத்துல கை வைக்கிறாங்கன்னு மேல கேப்பாங்க. ஏற்கெனவே இந்த வேலைக்கு ஆளே வேணாம், மெஷினே பாத்துக்கும்னு பேசிட்டிருக்காங்க. இப்பப் போய் பதிப்பகத்துக்கு நேரா எழுதினா…" அவன் சொன்னது சரிதான், அவன் பேரில் தப்பில்லை, அவனுக்கும் இந்த மாடிதான் சோறு. அவள் கையிலிருந்த அச்சுப் பக்கத்தை அவன் முன்னால் வைத்து எனவே என்று தொடங்கும் வரியைக் காட்டினாள். "இதைப் படிங்க." படித்தான். "சரி, நாப்பது நிமிஷத்துக்குள்ளன்னா பயமில்லைங்கறாங்க. அது தப்புன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்?" அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு முதல்ல ஒரு பொண்ணு பிறந்தது, கீரன்" என்றாள். "ஏழு மாசத்துல. வில்லியனூர்ல இருந்து வேன்ல இருபத்தஞ்சு நிமிஷம். மடியிலதான் வச்சிருந்தேன். எனக்குத் தெரியல." குரல் மாறவில்லை, யாரோ இன்னொருத்தியின் விவரத்தைச் சொல்வது போல இருந்தது. இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறோம் என்பதும், சொல்வதற்கு இவ்வளவு குறைவான வார்த்தைகள் போதுமாக இருக்கின்றன என்பதும் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இளங்கீரன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மெயில் யார் பேர்லக்கா போகணும்?" என்றான். "என் பேர்ல." "காப்பியில என்னையும் போடுங்க" என்றான். பிறகு, அவள் திரும்பி நடக்கும்போது, "பேர் வச்சீங்களாக்கா?" என்று கேட்டான். "ஆக்னஸ்" என்றாள்.

மெயிலில் ஐந்து வரிகள்தான் எழுதினாள். முப்பத்தேழாவது கட்டுரை இல்லை, அந்தப் பக்கங்களில் இருப்பது இது, டாக்டர் கராஜா இறந்தது இந்தத் தேதியில், அந்த ஆய்வு நடக்கவில்லை, அதை நம்பி எழுதிய வரி குழந்தைகளுக்கு ஆபத்தானது. இருபத்துமூன்று வருஷம் மற்றவர்களின் வாக்கியத்தைத் திருத்தியவளுக்குச் சொந்தமாக ஐந்து வரி எழுத இருபது நிமிடம் ஆனது. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டுவார்களா, பதிலே போட மாட்டார்களா, மாலையில் மேலே கூப்பிடுவார்களா என்று மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு மறுபடி பதினான்காம் பக்கத்துக்கே போய் நின்றது. ஒன்றே காலுக்குப் பதில் வந்தது. பத்திரிகையின் மருத்துவ ஆசிரியர், ஒரு பெண், தானே எழுதியிருந்தார். கட்டுரையை நிறுத்திவிட்டோம், அதே குழு அனுப்பிய இன்னும் ஆறு கட்டுரைகளையும் நிறுத்தி வைத்திருக்கிறோம், நன்றி. அதன் கீழே தனியாக ஒரு வரி. நான் கராஜாவை வாசித்திருக்கிறேன், ஒன்று கேட்க வேண்டும், அந்தக் குழந்தைகளை யாராவது பிறகு உண்மையிலேயே போய்ப் பார்த்தார்களா? அமலோற்பவம் இல்லை என்று அடித்தாள். அனுப்பும் பொத்தானுக்கு விரல் போகும்போது மனம் தடுக்கியது. இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும். அப்படி ஒரு கட்டுரை இல்லை, அவ்வளவுதான் தெரியும். குழந்தைகள் இருந்தார்கள், லாரியில் வந்தார்கள், பாதத்தைச் சுண்டியதும் மூச்சை எடுத்தார்கள், அது நடந்தது. 2005இல் வந்தவர்களுக்கு இப்போது இருபது வயது. பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், போகாமல் ஆடு மேய்த்திருப்பார்கள், யாராவது கல்யாணம் செய்துகொண்டு யாராவது பட்டாளத்துக்குப் போய், இந்த நிமிஷம் எங்கோ ஒரு சந்தையில் ஒருவன் சில்லறைக்காக நின்றுகொண்டிருப்பான், தன் மூச்சு ஒரு காலத்தில் நின்று திரும்பியது என்று தெரியாமல். யாரும் எழுதவில்லை. எழுதாததால் இதுவும் படிக்கவில்லை, உலகத்தில் எழுதினது எல்லாவற்றையும் படித்துமுடித்த இதற்கும் அவர்களைத் தெரியாது. எவ்வளவு பெரியதாக இருக்கிறது அந்தப் பக்கம், யாரும் எழுதாத அந்தப் பக்கம். அவளுக்கு மூச்சு மேலே ஏறி ஒரு கணம் நின்று இறங்கியது. இல்லை என்பதை அழித்துவிட்டு நிதானமாக அடித்தாள். எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களைப் போய்த் தேடலாம், அந்த ஆஸ்பத்திரியில் முகவரிகள் இருக்கும். அந்த நர்ஸின் பெயரையும் இரங்கல் குறிப்பிலிருந்து எடுத்துக் கீழே எழுதி, எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்து, அனுப்பினாள்.